சுவர் வாத்தியார்

வீடு பார்க்கத்தானே வந்தீர்கள்? படியேறும்போதே தெரிந்துவிட்டது சார், நம்ம ஊர் ஆள் என்று. ஜப்பான்காரன் இந்த இரும்புப் படியில் ஏறினால் பூனை ஏறுகிற மாதிரி இருக்கும். நீங்கள் ஏறினீர்கள், என் வீட்டு டம்ளர் ஆடியது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சந்தோஷத்தில் சொல்கிறேன்.

ஏஜென்ட் பையன் கீழே போனில் இருக்கிறானா? அப்படியானால் நேரம் இருக்கிறது. அவன் போனில் பேசினாலும் வாக்கியத்துக்கு ஒரு தடவை குனிந்து நிமிர்ந்துதான் பேசுவான். நீங்கள் உள்ளே வாருங்கள். செருப்பை அங்கேயே விடுங்கள். டீ போடுகிறேன். இஞ்சி தட்டிப் போடட்டுமா?

என் பெயர் வேலாயுதம். கோவில்பட்டி. தோசை மாஸ்டராக இந்த நாட்டுக்கு வந்தேன். கடையை மூடிவிட்டார்கள். இப்போது பெட்டிச் சாப்பாடு கட்டுகிற தொழிற்சாலையில் ராத்திரி வேலை. பெல்ட்டில் சோற்றுப்பெட்டி வரும். சோற்றுக்கு நடுவில் ஊறுகாய்ப் பழம் ஒன்று வைக்க வேண்டும். அதுதான் என் பொறுப்பு. நடுவில் வைக்க வேண்டும், ஓரத்தில் இல்லை. விடிய விடிய இதே வேலை. நம் ஊர்க்காரர் யாராவது ‘ஜப்பானில் என்ன செய்கிறீர்கள்’ என்று கேட்டால் ‘உணவுத் துறை’ என்று சொல்லிவிடுவேன்.

உங்களுக்குப் பக்கத்து வீட்டைத்தானே காட்டினான்? நல்ல வீடு. வெளிச்சம் வரும். குழாயில் வெந்நீர் சீக்கிரம் வரும். சுவரைப் பற்றி ஏதாவது சொன்னானா? சொல்லமாட்டான். அது சுவரே இல்லை சார், மரச்சட்டத்தில் அடித்த பலகை. அந்தப் பக்கம் ஒருவன் அப்பளம் நொறுக்கினால் இந்தப் பக்கம் எனக்குப் பசிக்கும். அதனால் அங்கே இருந்தவனைப் பற்றிச் சொல்லாமல் உங்களை உள்ளே அனுப்பினால் எனக்குத்தான் பாவம். எனக்கு அவன்மேல் கோபம் எதுவும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நன்றி கெட்டவன், அவ்வளவுதான்.

பெயர் மினகாவா. குடிவந்த அன்றைக்கு ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து கதவைத் தட்டினான். இங்கே அது வழக்கம், புதிதாக வருகிறவர்கள் பக்கத்து வீடுகளுக்குச் சின்னதாக ஏதாவது கொடுத்து வணங்கிவிட்டுப் போவார்கள். ஒல்லி. முப்பது வயது இருக்கலாம். வெயிலே படாத முகம். நம் பழக்கம் விடுமா? என்ன தொழில் என்று கேட்டேன். இங்கே அப்படிக் கேட்கக்கூடாதாம்.

‘‘கேம்’’ என்றான்.

‘‘கேம் விக்கிறியா?’’

‘‘இல்லைங்க. விளையாடுறேன்.’’

‘‘அது சரி, எல்லாரும் ஏதோ விளையாடுறாங்க. தொழில்?’’

‘‘அதுதாங்க தொழில்’’ என்று சொல்லிவிட்டு, என்னமோ திருடியதை ஒப்புக்கொண்ட மாதிரி தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

எனக்குப் பாவமாக இருந்தது. மறுநாள் காலை ஒன்பது மணி வரைக்கும் பாவமாக இருந்தது.

ஒன்பது மணிக்கு நான் நல்ல தூக்கத்தில் இருப்பேன். வேலை முடிந்து, பஸ் பிடித்து, குளித்து, சாப்பிட்டுப் படுத்தால் முதல் தூக்கம் பிடிக்கிற நேரம் அது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கத்தல் கேட்டது. மாடு முட்டினால்தான் மனிதன் அப்படிக் கத்துவான். எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் அமைதி. டக்கு டக்கு டக்கு என்று பொத்தான் சத்தம். மறுபடியும், ‘‘ஜெயிச்சாச்சு!’’ என்று அவர்கள் பாஷையில் கத்தல். அதற்கு அடுத்த கணமே, ‘‘ஐயோ, போச்சே!’’

தினமும் இதுதான். ஜெயிச்சாச்சு, ஐயோ போச்சே. ஜெயிச்சாச்சு, ஐயோ போச்சே.

நம் ஊராக இருந்தால் கதவைத் தட்டி, ‘என்ன சேதி’ என்று கேட்டு, அவன் ஒன்று சொல்லி, நான் ஒன்று சொல்லி, சாயந்திரத்துக்குள் தாயாதி மாதிரி ஆகியிருப்போம். இங்கே அப்படி இல்லை. முகத்துக்கு நேராகச் சண்டை போடுவது அநாகரிகம். சத்தம் பொறுக்கவில்லை என்றால் சுவரைத் தட்ட வேண்டும். தட்டினால் அந்தப் பக்கத்துக்காரன் புரிந்துகொள்ள வேண்டும். பிறகு இரண்டு பேரும் வெளியில் சந்தித்தால் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்க வேண்டும். சுவரில் நடந்ததைத் தாழ்வாரத்தில் பேசக்கூடாது. எத்தனையோ வருஷமாக இங்கே இருக்கிறேன், நாகரிகம் தெரியாதவனா நான்? பூரிக்கட்டையை எடுத்தேன்.

டொம்!

தட்டியதோடு விட்டிருக்கலாம். ஆனால் அரைத்தூக்கத்தில் வாய் சும்மா இருக்குமா? கூடவே நாலு வார்த்தை வந்துவிடும். அசல் கோவில்பட்டி வார்த்தை. நல்ல வேளை, இந்த ஊரில் யாருக்கும் புரியாது என்று வஞ்சனை இல்லாமல் பேசினேன்.

கொஞ்ச நாளில் எங்கள் எல்லார் தபால்பெட்டியிலும் நிர்வாகக் கம்பெனியின் அறிவிப்பு கிடந்தது. இங்கே யார் பெயரையும் சொல்ல மாட்டார்கள். ‘அண்மைக் காலமாகச் சில இல்லங்களிலிருந்து உணர்ச்சிமிக்க குரல்களும், சில இல்லங்களிலிருந்து சுவரில் ஏதோ மோதும் ஒலியும் எழுவதாக அறிகிறோம். மழைக்காலம் தொடங்குவதால் அனைவரும் உடல்நலம் பேணவும்.’ எனக்கும் அதே காகிதம், அவனுக்கும் அதே காகிதம். தபால்பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் நின்று படித்தோம்.

‘‘மழை வரும்போல’’ என்றான்.

‘‘ஆமா, மேகமா இருக்கு’’ என்றேன்.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டியிருந்தேன்.

இப்படியே போயிருந்தால் ஒரு கதையும் இல்லை சார். எங்கள் தொழிற்சாலையில் தீபேந்திரா என்று ஒரு நேபாளத்துக்காரன். பொரித்த மீன் வைக்கிறவன். என்னை ‘அண்ணா’ என்று கூப்பிடப் பழக்கிவைத்திருக்கிறேன். ஒரு நாள் வேலை முடிந்து விடிகாலை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறான். என்னடா என்று எட்டிப் பார்த்தேன். திரையில் மினகாவா! காதில் பெரிய ஹெட்போன். கீழே சண்டைக் கேம் ஓடுகிறது. ஒரு பொம்மையும் இன்னொரு பொம்மையும் அடித்துக்கொள்கின்றன. இவன் பொம்மை ஜெயிக்கிற நேரம் பார்த்து, இவன் கையைத் தூக்கிக் கத்துகிறான். உடனே, டொம்! சுவரில் மாட்டியிருந்த படம் ஆடுகிறது. பின்னாலிருந்து ஒரு குரல் வருகிறது: ‘‘ஏ வெளங்காத மூதி! மனுசன தூங்க விடுலே! ராப்பூரா ஊறுகா வச்சிட்டு வந்திருக்கேம்லே!’’

எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. என் குரலை நானே வெளியிலிருந்து கேட்கிறேன். கொஞ்சம் கரகரப்பாக இருந்தாலும் நல்ல குரல்தான், என்ன?

அதைவிடப் பெரிய விஷயம், என் குரலுக்குக் கீழே ஜப்பானிய எழுத்து ஓடுகிறது. தீபேந்திரா படித்துச் சொன்னான்: ‘‘வென்றுவிட்டோம் என்று நினைக்கும் கணத்தில்தான் வாள் கழுத்தில் இறங்குகிறது.’’

‘‘யாருடா இதைச் சொன்னது?’’

‘‘சுவர் வாத்தியார் அண்ணா.’’

‘‘அது யாரு?’’

அவன் என்னைப் பார்த்தான். போனைப் பார்த்தான். மறுபடியும் அந்த இடத்தைப் போட்டுக் கேட்டான். பஸ்ஸில் எல்லாரும் தூங்குகிறார்கள், இவன் மட்டும் சீட்டைவிட்டு எழுந்து, ‘‘அண்ணா! இது நீங்க!’’ என்று அலறினான்.

அப்புறம்தான் எல்லாம் தெரிந்தது. மினகாவா ஒரு காலத்தில் பெரிய ஆட்டக்காரனாம். பெயர் பொறித்த சட்டை, டீம், மேடை, விளக்கு என்று இருந்தவன். விளையாட்டுப் பெயர் ‘ஹிமோனோ’. ஹிமோனோ என்றால் கருவாடு சார். ஒரு மனிதன் தனக்குத்தானே கருவாடு என்று பெயர் வைத்துக்கொண்டால் அவன் எப்படி விளங்குவான், சொல்லுங்கள். லீக் இறுதி ஆட்டம். இரண்டு சுற்று ஜெயித்தவுடன் எல்லாம் முடிந்தது என்று நினைத்து, ஹெட்போனைக் கழற்றிவிட்டு, எதிராளியைப் பார்த்து மரியாதையாகக் குனிந்து வணங்கினான். மரியாதைக்காரன், ஆழமாகக் குனிந்துவிட்டான். அன்றைக்கு மூன்று சுற்று ஜெயிக்க வேண்டும். இவன் குனிந்து நிமிர்வதற்குள் அடுத்த சுற்று ஆரம்பித்து, எதிராளி இவன் பொம்மையின் பாதி உயிரை உருவிவிட்டான். பதறிப் போய்த் திரும்ப ஹெட்போனை மாட்டி ஆடியதில் அந்தச் சுற்றும் போச்சு, அடுத்த இரண்டும் போச்சு, கோப்பையும் போச்சு. அந்த வீடியோவை இந்த நாட்டில் பார்க்காதவர்கள் இல்லையாம். கும்பிட்டுக்கொண்டே அடிவாங்கியவன் என்று பெயர் வந்துவிட்டது. டீமிலிருந்து விலகி, தனியாக வீட்டிலிருந்து விளையாடி அதை நேரலையில் காட்டிப் பிழைக்கிற ஸ்ட்ரீமர் ஆகிவிட்டான். ராத்திரி நேரம் பெரிய ஆட்கள் வருகிற நேரம், அப்போது இவனை யார் பார்ப்பது? அதனால்தான் காலையில். பல் தேய்க்கிறவர்கள், ரயிலில் போகிறவர்கள், வேலை போனவர்கள் பார்ப்பார்கள்.

அப்படிப் பார்த்த கொஞ்சம் பேருக்குத்தான் என் குரல் கேட்டிருக்கிறது. இவன் அவசரப்பட்டுக் கத்தும்போதெல்லாம் சுவருக்குப் பின்னால் யாரோ தட்டித் திட்டுகிறார்கள். யார் அது? பழைய பெரிய ஆட்டக்காரராம். எல்லாவற்றையும் துறந்துவிட்டு இந்த வீட்டில் ஒளிந்து வாழ்கிறாராம். பொத்தான் சத்தத்தை வைத்தே தப்பைக் கண்டுபிடிக்கிறாராம். பேசுகிற பாஷை திபெத் என்கிறான் ஒருவன், ஸ்பானிஷ் என்கிறான் இன்னொருவன், அர்த்தத்தை ஆளாளுக்கு எழுதிப் போடுகிறார்கள். எந்தப் பொருளால் தட்டுகிறார் என்று தனியாக ஒரு விவாதம். மர வாள் என்பதுதான் பெரும்பான்மை.

‘‘அண்ணா, நான் எழுதட்டுமா, அது எங்க அண்ணன், பெட்டிச் சோத்துல ஊறுகா வைக்கிறாருன்னு?’’

‘‘கொன்னுபோடுவேன்’’ என்றேன்.

தீபேந்திரா இன்னொன்றும் சொன்னான். கோடை முடிவதற்குள் ஒரு தகுதிப் போட்டி. வீட்டிலிருந்தே ஆடுவது. அதில் ஜெயித்தால் ஒசாகாவில் ஒரு டீம் இவனை எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்குப் போய் மச்சானின் டைல்ஸ் கடையில் உட்காரப் போவதாக இவனே சொல்லியிருக்கிறான். இதுதான் கடைசித் தடவை.

ஊருக்குப் போய்விடுவானா! நான் அன்றைக்குத் தூங்கவில்லை சார். ஒரு திறமைசாலி டைல்ஸ் விற்பதா? இவன் போய்விட்டால் வாத்தியார் என்ன ஆவது? அதாவது, அவனுக்கு யார் இருக்கிறார்கள் என்று சொல்ல வந்தேன்.

அன்றிலிருந்து நாற்காலியைச் சுவரோரம் போட்டு, டீயை வைத்துக்கொண்டு ஒன்பது மணிக்கு உட்கார்ந்துவிடுவேன். தூக்கம் கெட்டுப்போகிறதே என்கிற கவலையில்தான் உட்காருவது. முதலில் போனில் பார்த்துத் தட்டினேன். சரிப்படவில்லை. அந்தப் பக்கம் நடப்பது போனுக்கு வரக் கொஞ்சம் தாமதம் ஆகிறது. அவன் எதிராளியை அடித்து, தண்ணீர் குடித்து, மூடியைத் திருகும்போது நான் ‘டொம்’ என்றேன். ‘வாத்தியார் தண்ணீர் குடிப்பதைக்கூடக் கண்டிக்கிறார்’ என்று ரசிகர்கள் எழுதினார்கள். பிறகு போனை மூடிவிட்டுக் காதைச் சுவரில் வைத்துவிட்டேன். ஒரு தட்டு என்றால் தப்பு. கத்தாமல் கடைசிவரை ஆடி முடித்தால் இரண்டு தட்டு. அந்த இரண்டு தட்டு விழுந்தால் ரசிகர்களுக்குத் திருவிழாதான். ‘இரண்டு! இரண்டு!’ என்று வரிவரியாகப் போகுமாம்.

ஒரு நாள் ஆசைப்பட்டு நல்ல தமிழில் ஆரம்பித்தேன். ‘‘அன்புத் தம்பி, பொறுமை என்பது யாதெனில்...’’ மேடைப் பேச்சு மாதிரி. கீழே என்ன எழுதினார்கள் தெரியுமா? ‘வாத்தியாருக்கு இன்று உடம்பு சரியில்லையா?’ அப்புறம் பழைய பாணிக்கே திரும்பிவிட்டேன். ரசிகர்களை விட்டுவிட முடியுமா?

உண்மையிலேயே அவன் மாறினான் சார். தட்டுக்குப் பயந்தானோ, நோட்டீஸுக்குப் பயந்தானோ, கத்துவதைக் குறைத்தான். கத்தல் குறைய குறைய ‘ஐயோ போச்சே’யும் குறைந்தது. முன்னே ஜெயிப்பதற்குள் மனசு எழுந்து நின்றுவிடும், கை தனியாகக் கிடக்கும். இப்போது கடைசி அடிவரை டக்கு டக்கு என்று ஒரே சீராகக் கேட்கிறது. பார்க்கிறவர்கள் கூடினார்கள். பழைய வீடியோவை வைத்துக் கேலி செய்கிறவர்களும் வந்தார்கள். ‘கடைசிப் போட்டியில் பார், மறுபடியும் கும்பிடுவான்’ என்று எழுதினார்கள். அதைப் படித்த நாளெல்லாம் அவன் கை பதறும். எனக்குச் சத்தத்திலேயே தெரியும்.

வீட்டுக்காரியிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? செண்பகவல்லி ஊரில்தான் இருக்கிறாள், பிள்ளைகளோடு. வாரத்துக்கு ஒரு போன். பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவே இல்லை.

‘‘எங்கிட்ட ரெண்டு வார்த்தை பேசினா தூக்கம் வருதும்பீக. செவுத்துக்கிட்ட ஒரு மணி நேரம் பேசுவீகளோ?’’

‘‘அது தொழில் மாதிரி புள்ள.’’

‘‘என்ன பேசுவீக?’’

‘‘சும்மா, திட்டுவேன்.’’

‘‘அதையாச்சும் நமக்கு ஒரு நாளைக்குச் செய்யிறது’’ என்று வைத்துவிட்டாள். பொறாமை. பெண்களுக்குக் கலை புரியாது. உங்கள் வீட்டில் எப்படி?

தகுதிப் போட்டி ஞாயிற்றுக்கிழமை. நான் முந்தின ராத்திரி லீவு போட்டுவிட்டேன். ஊறுகாயை வேறு ஒருவன் வைத்தான், ஓரத்தில் வைத்திருப்பான், போகட்டும். காலையிலேயே ரவையை வறுத்து, நெய் விட்டு, முந்திரி போட்டுக் கேசரி கிண்டி வைத்தேன். அவன் ஜெயித்ததும் சூடாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று ஆசை. தோசை மாஸ்டர் கேசரி கிண்டினால் அந்தத் தெருவே மணக்கும்.

ஆட்டம் மேல் ஆட்டமாகப் போனது. ஒவ்வொரு எதிராளியிடமும் இரண்டு ஆட்டம் ஜெயித்தால் போதும், அடுத்தவன் வருவான். அவன் வாயைத் திறக்கவில்லை. நானும் இரண்டிரண்டு தட்டாகத் தட்டிக்கொண்டே போனேன். கடைசி எதிராளி. முதல் ஆட்டம் நம் கருவாடு ஜெயித்தான். இரண்டாவது ஆட்டம், இழுபறி, என் காது சுவரில் ஒட்டிப்போய்விட்டது. ஜெயிக்கிறபோது அந்தக் கேமில் ஒரு இசை வரும். வந்தது!

பூரிக்கட்டையால் இரண்டு போட்டேன். பலகை கொஞ்சம் விரிந்தது, நாள்காட்டியை மாட்டி மறைத்திருக்கிறேன், ஏஜென்டிடம் சொல்லாதீர்கள். ‘‘ஜெயிச்சிட்டான்லே!’’ என்று ஒரு கத்தல். கேசரித் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் அவன் மணியை அழுத்தினேன்.

கதவு திறக்கவில்லை.

மறுபடியும் அழுத்தினேன். பிங்பாங், பிங்பாங். உள்ளே டக்கு டக்கு சத்தம். சந்தோஷத்தில் சும்மா விளையாடிக்கொண்டிருக்கிறான் போல என்று நினைத்தேன். கடைசிப் போட்டிக்கு மட்டும் மூன்று ஆட்டம் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு யாராவது சொன்னார்களா? தீபேந்திரா சொன்னதாகச் சொல்கிறான். அவன் மீனோடு சேர்த்து ஆயிரம் சொல்வான்.

கேசரி ஆறிக்கொண்டிருக்கிறது சார். கேசரி ஆறினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மணியில் வைத்த விரலை எடுக்கவில்லை. தீபேந்திரா போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான், போன் என் வீட்டுக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. வாழ்த்துச் சொல்லக் கூப்பிடுகிறான், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். கதவில் தபால் போடுகிற துவாரம் இருக்கிறது பாருங்கள், குனிந்து அதில் வாயை வைத்தேன்.

‘‘ஏ கருவாடு! ஜெயிச்ச மனுசன் கதவத் தொறக்க மாட்டியால? ஒனக்காகத்தாம்லே லீவு போட்டேன்! நெய்யி விட்டுக் கிண்டிருக்கேன், கட்டிபட்டுப் போவுதுலே! மொந்திரிப் பருப்பு என்ன வெலை தெரியுமா?’’

உள்ளே ஒரு சத்தம் வந்தது. முதலில் அழுகிறானோ என்று நினைத்தேன். இல்லை, சிரிக்கிறான். அடக்க முடியாமல், மூக்கால் சிரிக்கிறான். மரியாதைக்கு வந்தவனைக் கதவுக்கு வெளியே நிற்கவைத்துவிட்டு உள்ளே சிரிப்பா? நான் திட்டினேன். அவன் சிரித்தான். டக்கு டக்கு டக்கு. நான் இன்னும் திட்டினேன். எதிர்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ‘வெயில் அதிகம்’ என்று சொல்லி மூடிக்கொண்டார்கள்.

அப்புறம் அந்த இசை கேட்டது. கத்தலே இல்லை. கதவு திறந்தது.

கையில் அந்த விளையாட்டுக் கட்டை அப்படியே இருக்கிறது. முகமெல்லாம் கண்ணீர். என்னைப் பார்த்துக் குனிந்தான் பாருங்கள், ஹெட்போன் கழுத்திலிருந்து நழுவிக் கேசரியில் விழுந்தது.

‘‘நிமிரு, நிமிரு’’ என்றேன். ‘‘ஏன் இவ்வளவு நேரம்?’’

‘‘மன்னிக்கணும்’’ என்றான். ‘‘இப்பத்தான் முடிஞ்சுது.’’

அங்கேயே நின்று, கையாலேயே அள்ளிச் சாப்பிட்டான். ஆறின கேசரி. நன்றாக இருக்கிறது என்றான். பொய் சொல்லத் தெரியாதவன், அதனால் நம்பினேன்.

பிறகு தீபேந்திரா எனக்கு முழுசையும் போட்டுக் காட்டினான். நான் இரண்டு தட்டு தட்டியதும் நேரலையில் எல்லாரும் ‘வாத்தியாரே, இன்னும் முடியலை!’ என்று கதறியிருக்கிறார்கள். மணிச் சத்தத்தில் இவன் மூன்றாவது ஆட்டம் தோற்றான். நான்காவதும் தோற்றான். கேலிக்காரர்கள் வேறு வந்துவிட்டார்கள். ஐந்தாவது ஆட்டத்தில்தான் தபால் துவாரம். அங்கேதான் சிரிக்க ஆரம்பிக்கிறான். சிரிக்கச் சிரிக்கத் தோள் இறங்குகிறது, கை தளர்கிறது, அந்தப் பெரிய எதிராளியைச் சின்னப்பிள்ளையை அடிக்கிற மாதிரி அடிக்கிறான்.

ஆக, யாரால் ஜெயித்தான்? நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் ஊர் என்ன சொல்கிறது? முடிவதற்கு முன்னால் கொண்டாடுகிறவர்களுக்கு இப்போது அவன் வீடியோவை யாரும் காட்டுவதில்லை. என்னுடையதைத்தான் காட்டுகிறார்கள். என் இரண்டு தட்டு, என் கத்தல், பிங்பாங், பிங்பாங். கீழே எழுத்து: ‘வாத்தியாரும் மனிதர்தான்.’ அவனுடைய பழைய வீடியோ அடியில் போய்விட்டது. எனக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டு அவன் நல்ல பெயர் எடுத்துக்கொண்டான். இதைத்தான் நன்றி கெட்டவன் என்று சொன்னேன்.

அதோடு போனானா? ஒசாகா டீம் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டது. தோற்றால் போய்விடுவான் என்று பயந்துகொண்டிருந்தேன். ஜெயித்தாலும் போய்விடுவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை சார். தீபேந்திரா சொல்கிறான், ‘முதல் நாளே சொன்னேனே அண்ணா, ஒசாகா என்று’. சொல்லியிருப்பான்.

போகிற அன்றைக்குக் கதவைத் தட்டினான். தாழ்வாரத்தில் நின்றோம். வெயில் குறைந்துவிட்டது என்றான். ஆமாம், காற்று மாறிவிட்டது என்றேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், எனக்கும் வந்தது. இரண்டு பேரும் நாகரிகம் தெரிந்தவர்கள். அவ்வளவுதான் பேசினோம்.

அங்கே போய் என்ன செய்திருக்கிறான் தெரியுமா? என் குரலைப் பதிவிலிருந்து வெட்டி ஒரு பொத்தானில் அடைத்து வைத்திருக்கிறான். நேரலையில் கொஞ்சம் அவசரப்பட்டான் என்றால் தானே அந்தப் பொத்தானை அமுக்குகிறான். டொம்! ‘‘ஏ வெளங்காத மூதி!’’ நான் இங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறேன், அங்கே என் குரல் வேலை பார்க்கிறது. நியாயமா?

இதைச் செண்பகவல்லியிடம் சொல்லி ஆதங்கப்பட்டேன். அவள் கேட்டாள், ‘‘அந்தப் பொத்தான் ஒண்ணு நமக்கு வாங்கி அனுப்ப முடியுமா?’’

‘‘எதுக்கு?’’

‘‘அமுக்கினா பேசுமில்ல’’ என்றாள்.

அவளுக்கு எப்போதும் விளையாட்டுத்தான்.

டீ ஆறுகிறது, குடியுங்கள். அந்த வீடு அப்போதிலிருந்து காலியாகத்தான் கிடக்கிறது. எத்தனை பேர் பார்க்க வந்தார்கள்! எல்லாரையும் உட்காரவைத்து இதையேதான் சொன்னேன், ஒளிவு மறைவு இல்லாமல். ஏனோ ஒருத்தரும் திரும்பி வரவில்லை. வாடகை கட்டுப்படியாகவில்லை போல. இப்போது காலையில் படுத்தால் ஒரு சத்தமில்லை. வேண்டும் என்று கேட்டது இதைத்தானே, நன்றாகத் தூங்குகிறேன். அதாவது, படுத்திருக்கிறேன்.

நீங்கள் என்ன வேலை? கணினியா? வீட்டிலிருந்தேவா? சத்தம் வராதே, ஹெட்போனில் முனகுவீர்கள். சரி. வீட்டில் யார் யார்? பையனா? அடுத்த மாதம் வருகிறார்களா? என்ன வயது? நாலு என்றால் ஓடுகிற வயதுதான். குதிப்பானா? சாப்பிட அடம்பிடிப்பானா? உங்கள் வீட்டம்மா அவனை அதட்டுவார்களா, இல்லை, மெதுவாகப் பேசுகிற ஜாதியா?

ஐயையோ, தொந்தரவு என்று யார் சொன்னது? உட்காருங்கள், எங்கே எழுந்துவிட்டீர்கள். சரி, எழுந்தது எழுந்துவிட்டீர்கள், ஒன்று செய்யுங்கள். அந்த வீட்டுக் கதவு திறந்துதானே இருக்கிறது? உள்ளே போய்ச் சுவருக்குப் பக்கத்தில் நில்லுங்கள். நான் இந்தப் பக்கம் நிற்கிறேன். சும்மா ஒரு தடவை கத்துங்கள் சார். வெட்கப்படாதீர்கள், நம்ம ஊர்க் கத்தல். எவ்வளவு கேட்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.